விளக்கு அணைந்ததும் பறப்பது எப்படி? வீடியோ கார் பந்தயத்தில் வெற்றியின் ரகசியம், முதல் 5 வினாடி!

"முதல் கோணல் முற்றும் கோணல்" என்பது பழமொழி. கார் பந்தயத்துக்கு இது அப்படியே பொருந்தும்.

கார் பந்தயத்தில் பலரும் தடுமாறும் இடம் எது? வளைவில் திரும்புவதா? அல்ல. முன்னால் போகிறவரை முந்துவதா? அதுவும் அல்ல. அசையாமல் நிற்கும் காரைக் கிளப்புவதுதான்!

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் உண்மை. டெலிவிஷன் திரையில் ஆடும் வீடியோ கார் பந்தயத்திலும் இதே கதைதான். விளக்கு அணைகிறது. ஆடுகிறவர் பொத்தானை முழு பலத்தோடு அழுத்துகிறார். என்ஜின் அலறுகிறது. சக்கரம் சுற்றுகிறது. புகை கிளம்புகிறது. கார் மட்டும் கிளம்பவில்லை! அதற்குள் பின்னால் நின்ற ஆறு பேர் அவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அவர் செய்த தவறு என்ன? அதைத் திருத்துவது எப்படி?

பச்சை விளக்கு கிடையாது!

பந்தயத்தை இரண்டு விதமாகத் தொடங்குவார்கள். கார்கள் மெதுவாக ஓடிக்கொண்டே வந்து, கோட்டைத் தாண்டியதும் வேகம் எடுப்பது ஒரு விதம். வரிசையாக நின்று, சைகை கிடைத்ததும் புறப்படுவது இன்னொரு விதம். இரண்டாவதுதான் கடினம்.

உலகப் புகழ் பெற்ற "பார்முலா 1" பந்தயத்தில் கார்கள் நின்றுதான் புறப்படும். ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் 8 மீட்டர் இடைவெளி. தலைக்கு மேலே 5 சிவப்பு விளக்குகள். வினாடிக்கு ஒன்றாக அவை எரியும். ஐந்தும் எரிந்த பிறகு, திடீரென்று எல்லாம் ஒன்றாக அணையும். அணைந்தால் புறப்படலாம்! பச்சை விளக்கு கிடையாது.

ஐந்தாவது விளக்கு எரிந்து எவ்வளவு நேரத்தில் அணையும்? அது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் நேரம் மாறும். யாரும் குத்துமதிப்பாகக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. 1996-ம் ஆண்டில் இந்த முறை வந்தது. பார்முலா 1 வீடியோ விளையாட்டுகளிலும் இதையே அச்சு அசலாக வைத்திருக்கிறார்கள்.

விளக்கு அணைவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை அசைவதற்குச் சுமார் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். 2017-ம் ஆண்டு ஆஸ்திரியா பந்தயத்தில், பின்லாந்து வீரர் வால்ட்டேரி போட்டாஸ் 0.201 வினாடியில் கிளம்பினார். "முன்கூட்டியே புறப்பட்டுவிட்டாரோ!" என்ற சந்தேகம் கிளம்பியது. அதிகாரிகள் விசாரித்தார்கள். தவறு இல்லை என்று தீர்ப்பாயிற்று. அந்தப் பந்தயத்தில் அவர் ஒரு வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் முதலாவதாக வந்தார்.

இம்மி நேரத்துக்கு அவ்வளவு மதிப்பா? கணக்குப் பாருங்கள். மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார், 0.2 வினாடியில் ஐந்தரை மீட்டர் தூரம் போய்விடும். அது ஏறக்குறைய ஒரு பந்தயக் காரின் நீளம்! கிளம்பும்போது கண் இமைக்கும் நேரத்தைக் கோட்டை விட்டவர், சிறிது தூரம் போவதற்குள் ஒரு கார் நீளம் பின்தங்கி இருப்பார்.

சேற்றில் சிக்கிய லாரி

சக்கரம் ஏன் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது?

சேற்றில் சிக்கிய லாரியைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, சக்கரம் சுற்றும். சேறு பறக்கும். லாரி நகராது. அனுபவம் உள்ள டிரைவர் அப்படிச் செய்ய மாட்டார். மெல்ல மெல்ல மிதித்து, லாரியை வெளியே கொண்டு வந்துவிடுவார்.

பந்தயக் காரிலும் அதே சங்கதிதான். காரைத் தள்ளுவது என்ஜின் மட்டும் அல்ல. டயர் தரையைப் பிடிக்கும் பிடிப்பும் சேர்ந்துதான் தள்ளுகிறது. அந்தப் பிடிப்புக்கு ஓர் அளவு உண்டு. முதல் கியரில் என்ஜினின் பலம் அந்த அளவை மீறிவிடும். மீறினால் டயர் வழுக்கும். வழுக்கினால் பிடிப்பு இன்னும் குறையும்.

ஆனால் கொஞ்சம்கூட வழுக்காமல் இருந்தாலும் பயன் இல்லை! கார் போகும் வேகத்தைவிடச் சக்கரம் சற்றே வேகமாக, சுமார் 10 சதவீதம் கூடுதலாகச் சுழலும்போதுதான் டயர் அதிகப் பிடிப்பைக் கொடுக்கிறது. இது டயருக்கு டயர் கொஞ்சம் மாறும். அந்த அளவுக்குக் கீழே இருந்தால் கார் சோம்பலாக நகரும். மேலே போனால் புகைதான் மிச்சம்.

ஆகவே, நல்ல புறப்பாடு என்பது காரின் பலத்தைக் காட்டுவது அல்ல. பலத்தை அடக்கி ஆளுவதுதான்!

சாம்பியன் பட்டம் நழுவியது

புறப்பாட்டில் கோட்டை விட்டால் என்ன ஆகும்? 2016-ம் ஆண்டுக் கதையைக் கேளுங்கள்.

அந்த ஆண்டில் இங்கிலாந்து வீரர் லூயிஸ் ஹாமில்டனுக்கும், ஜெர்மனி வீரர் நிக்கோ ரோஸ்பர்க்குக்கும் பலத்த போட்டி. இருவரும் ஒரே கம்பெனிக் காரை ஓட்டியவர்கள். இத்தாலிப் பந்தயத்தில் ஹாமில்டன் முதல் இடத்தில் நின்று புறப்பட்டார். முதல் சுற்றிலேயே ஆறாவது இடத்துக்குப் போய்விட்டார். ஜப்பான் பந்தயத்தில் இரண்டாவது இடத்தில் நின்றார். கிளம்பியதும் எட்டாவது இடம்! இரண்டு பந்தயங்களிலும் ரோஸ்பர்க்தான் வென்றார்.

ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தார்கள். ரோஸ்பர்க் 385 புள்ளி. ஹாமில்டன் 380 புள்ளி. ஐந்தே புள்ளிகளில் உலகச் சாம்பியன் பட்டம் கைமாறியது.

காரைத் தானாகவே சரியாகக் கிளப்பிவிடும் எலெக்ட்ரானிக் கருவிகள் அதற்கு முன்பு இருந்தன. பார்முலா 1 பந்தயத்தில் 2004-ம் ஆண்டு முதல் அதைத் தடை செய்துவிட்டார்கள். சக்கரம் வழுக்காமல் தடுக்கும் கருவிக்கு 2008-ம் ஆண்டில் தடை வந்தது. 2016-ம் ஆண்டில் கிளட்ச் நெம்புகோல் ஒன்றுதான் இருக்கலாம் என்று விதி செய்தார்கள். "எந்திரம் வேண்டாம். வீரரின் விரல்தான் வேலை செய்ய வேண்டும்" என்பதே இவற்றின் நோக்கம்.

நடந்து போனவர் வென்றார்!

அவசரப்படுகிறவருக்குத்தான் வெற்றி என்று நினைக்க வேண்டாம்.

பிரான்ஸ் நாட்டில் லெ மான்ஸ் என்ற ஊரில் 24 மணி நேரக் கார் பந்தயம் நடக்கிறது. முன்பெல்லாம் கார்களை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, வீரர்கள் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். கொடி அசைந்ததும், சாலையின் குறுக்கே ஓடிப் போய்க் காரில் தாவி ஏறிக் கிளம்புவார்கள்.

1969-ம் ஆண்டுப் பந்தயத்தில் எல்லோரும் ஓடினார்கள். பெல்ஜியம் வீரர் ஜாக்கி இக்ஸ் மட்டும் ஓடவில்லை. நிதானமாக நடந்தார்! காரில் ஏறினார். பாதுகாப்பு பெல்ட்டை ஒழுங்காக மாட்டினார். கடைசி ஆளாகப் புறப்பட்டார். "இந்த ஓட்டம் ஆபத்தானது" என்று காட்டுவதற்காக அவர் செய்த எதிர்ப்பு அது. அன்று முதல் சுற்றிலேயே ஜான் உல்ப் என்ற வீரர் விபத்தில் இறந்துபோனார்.

24 மணி நேரம் கழிந்தது. வென்றவர் யார்? கடைசியாகப் புறப்பட்ட அதே இக்ஸ்! அவரும் அவருடைய ஜோடி ஜாக்கி ஆலிவரும் சுமார் 120 மீட்டர் வித்தியாசத்தில் முதலாவதாக வந்தார்கள். அடுத்த ஆண்டே ஓடிப் போய் ஏறும் வழக்கம் ஒழிந்தது.

உயிரைப் பறித்த புறப்பாடு

கார் கிளம்பாமல் நின்றுவிட்டால் என்ன? கொஞ்சம் இடம் பறிபோகும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். அப்படி அல்ல.

1982-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி. கனடா நாட்டில் மான்ட்ரியல் நகரில் பந்தயம். முதல் இடத்தில் நின்ற பிரெஞ்சு வீரர் டிடியர் பிரோனியின் கார், கிளம்பும் நேரத்தில் என்ஜின் அடங்கி நின்றுவிட்டது. அவர் கையைத் தூக்கிக் காட்டினார். ஆனால் அதற்குள் சைகை கிடைத்துவிட்டது. முன்வரிசைக் கார்கள் எப்படியோ ஒதுங்கிப் போயின. பின்வரிசையில் இருந்து வேகமாக வந்த ரிக்கார்டோ பலெட்டிக்கு, நிற்கும் கார் கண்ணில் படவில்லை. அதன் முதுகில் போய் மோதினார். பலெட்டி இறந்துவிட்டார். அவருக்கு 23 வயதுதான். இரண்டு நாளில் பிறந்த நாள் வர இருந்தது.

திரையில் ஆடும் பந்தயத்தில் யாருக்கும் காயம் படாது. ஆனால் பாடம் ஒன்றுதான். நிற்கும் கார் பின்னால் வருகிறவருக்கு எமன்! இன்டர்நெட் மூலம் பலர் சேர்ந்து ஆடும் பந்தயத்தில், ஒருவர் சொதப்பினால் ஐந்தாறு பேரின் ஆட்டமும் சேர்ந்து கெடும். தன் கார் கிளம்பவில்லை என்றால், பதற்றத்தில் இடமும் வலமும் திருப்பக் கூடாது. நேராகவே இருக்க வேண்டும். மற்றவர்கள் பார்த்து ஒதுங்கிப் போவார்கள்.

மீசைக்காரர் மேரியோ

வீடியோ கார் பந்தயத்தின் வயது அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. 1974-ம் ஆண்டில் அமெரிக்காவின் "அட்டாரி" கம்பெனி, "கிரான் டிராக் 10" என்ற எந்திரத்தைச் செய்தது. அதில் ஸ்டீயரிங் உண்டு. கியர் உண்டு. கால்மிதிகளும் உண்டு. ஆனால் எதிரிகள் கிடையாது. கடிகாரத்தோடுதான் போட்டி! 1982-ம் ஆண்டில் ஜப்பானின் "நாம்கோ" கம்பெனி "போல் பொசிஷன்" விளையாட்டை வெளியிட்டது. அதில் இரண்டே கியர்.

1992-ம் ஆண்டில் "நின்டெண்டோ" கம்பெனியின் "சூப்பர் மேரியோ கார்ட்" வந்தது. தொப்பி போட்ட மீசைக்காரர் மேரியோவும் அவர் கூட்டாளிகளும் சின்னஞ்சிறு வண்டிகளில் பந்தயம் விடுவார்கள். குழந்தைகள் விளையாட்டுதான். ஆனால் அதிலும் புறப்பாட்டில் ஒரு சூட்சுமம் வைத்தார்கள். சரியான நொடியில் பொத்தானை அழுத்தினால் வண்டி ராக்கெட் போலப் பாயும். முந்தி அழுத்தினால் சக்கரம் சுற்றி வண்டி நின்றுவிடும்! "மேரியோ கார்ட் 8" விளையாட்டில் 3, 2, 1 என்று எண்கள் தோன்றும். 2 தோன்றும்போது அழுத்துகிறவருக்கு நல்ல பாய்ச்சல் கிடைக்கும்.

1997-ம் ஆண்டில் ஜப்பானில் "கிரான் டூரிஸ்மோ" வெளிவந்தது. நிஜக் கார் எப்படி ஓடுமோ, அப்படியே திரையில் ஓடவைத்தார்கள். அதன்பின் டயர் வழுக்குவதும் திரைக்கு வந்துவிட்டது. தந்திரம் மட்டும் போதாது, ஓட்டும் திறமையும் வேண்டும் என்றாகிவிட்டது.

பழகுவது எப்படி?

முதல் வேலை, தயாராக இருப்பது. விளக்கு எரியத் தொடங்கும் முன்பே முதல் கியர் போட்டிருக்க வேண்டும். ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும். சக்கரம் வழுக்கும்போது ஸ்டீயரிங் சற்றே திரும்பி இருந்தாலும் காரின் பின்பக்கம் ஒதுங்கிவிடும்.

இரண்டாவது, என்ஜினுக்கு அளவாக "ரேஸ்" கொடுப்பது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு, என்ஜின் சுழற்சியை ஒரே அளவில் நிறுத்த வேண்டும். உச்சிக்கு ஏற்றினால் சக்கரம் வழுக்கும். குறைத்துவிட்டால் கார் திணறும். எந்த அளவு சரி என்பது காருக்குக் கார் மாறும். நாலைந்து முறை முயன்று பார்த்தால் பிடிபட்டுவிடும்.

மூன்றாவது, கண் எங்கே இருக்க வேண்டும்? விளக்கின் மேல்! பலர் கடைசி நொடியில் என்ஜின் முள்ளைப் பார்க்கிறார்கள். அதற்குள் விளக்கு அணைந்துவிடுகிறது. முள்ளை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். என்ஜினின் சத்தத்தைக் காதில் பழக்கிக்கொண்டால் முள்ளே தேவை இல்லை. 2020-ம் ஆண்டு ஹங்கேரி பந்தயத்தில், 0.201 வினாடியில் கிளம்பிய அதே போட்டாஸ், ஸ்டீயரிங்கில் தெரிந்த ஒரு வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்தார். விளக்கு அணையும் முன்பே காரை நகர்த்தினார். தவறு தெரிந்து நிறுத்தினார். அதற்குள் மற்றவர்கள் பறந்துவிட்டார்கள். யானைக்கும் அடி சறுக்கும்!

நான்காவது, கிளட்சை விட்ட பிறகு ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்தக் கூடாது. வீடியோ விளையாட்டுக் கண்ட்ரோலரில் விரலால் அழுத்தும் விசை இருக்கிறது. அதைப் பாதி அழுத்தினால் பாதி வேகம். இது தெரியாமல் பலர் அதை மின்சார சுவிட்சைப் போலத் தட்டுகிறார்கள். பாதியில் தொடங்கி, கார் வேகம் எடுக்க எடுக்க, மெல்ல மெல்ல முழுதாக அழுத்த வேண்டும். சக்கரம் வழுக்கும் சத்தம் கேட்டால், விரலைச் சற்றுத் தளர்த்தினால் போதும். முழுதாக எடுக்கக் கூடாது.

ஐந்தாவது, அடுத்த கியர். முதல் கியரில் சக்கரம் அடங்காமல் சுற்றினால், சீக்கிரமே இரண்டாவது கியருக்கு மாற்றிவிடலாம். பலம் குறையும். பிடிப்பு திரும்பும்.

காரின் ஜாதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிளம்பும்போது காரின் எடை பின்பக்கம் சாய்கிறது. ஆகவே பின்சக்கரம் இழுக்கும் காருக்குப் பிடிப்பு கூடும். முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்பக்கம் லேசாகிவிடும். அதை இன்னும் பக்குவமாகக் கிளப்ப வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால், கொஞ்சம் தாராளமாகவே அழுத்தலாம்.

புதிதாக ஆடுகிறவர்களுக்குச் சக்கரம் வழுக்காமல் தடுக்கும் வசதி விளையாட்டிலேயே உண்டு. முதலில் அதைப் போட்டு ஆடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கை பழகிய பிறகு சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளலாம்.

பழகும்போது ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றக் கூடாது. ஒரு பலகையையோ கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு, அதைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று நோட்டில் எழுதிவர வேண்டும். இருபது முறை கிளப்பிப் பார்த்தால், எது சரி என்று நோட்டே சொல்லிவிடும்.

டெலிவிஷன் செய்யும் சதி

சிலர் எவ்வளவு பழகினாலும் தாமதமாகவே கிளம்புவார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. டெலிவிஷன் மேல் இருக்கும்!

இந்தக் காலத்து டெலிவிஷன் பெட்டிகள் படத்தை மெருகேற்றிக் காட்டுகின்றன. அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். விளக்கு அணைந்த செய்தி திரைக்கு வருவதற்குள் இம்மி நேரம் போய்விடும். பல பெட்டிகளில் "கேம் மோடு" என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைப் போட்டால் மெருகு குறையும். தாமதமும் குறையும். காசு செலவு இல்லாத வைத்தியம் இது!

முதல் வளைவில் பொறுமை

நன்றாகப் புறப்பட்டவர்கள் பலர் முதல் வளைவில் மோதி நிற்கிறார்கள். காரணம், வழக்கமான இடத்தில் பிரேக் பிடிப்பதுதான். தொடக்கத்தில் டயரும் பிரேக்கும் சூடேறி இருக்காது. முன்னால் போகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பார்கள். ஆகவே முதல் வளைவுக்குக் கொஞ்சம் முன்னதாகவே பிரேக் பிடிக்க வேண்டும்.

2021-ம் ஆண்டில் அஜர்பைஜான் நாட்டில் பாக்கு நகரப் பந்தயம் பாதியில் நின்றது. முடிய இரண்டு சுற்று இருக்கும்போது, கார்களை மறுபடி வரிசையில் நிறுத்திப் புறப்படவிட்டார்கள். ஹாமில்டன் இரண்டாவதாக நின்றார். பிரமாதமாகக் கிளம்பினார். ஆனால் கை தவறி, பிரேக்கின் பலத்தை முன்சக்கரத்துக்கு மாற்றும் விசையில் பட்டுவிட்டது. முதல் வளைவில் கார் திரும்பாமல் நேரே போய்விட்டது. பந்தயம் முடிந்தபோது அவருக்குக் கிடைத்தது 15-வது இடம்! ஏழு முறை உலகச் சாம்பியன் பட்டம் பெற்ற வீரருக்கே இந்தக் கதி.

நம் ஊர் வீரர்

புறப்பாட்டில் விசித்திரங்களும் உண்டு. 2005-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் பந்தயம். டயர் பழுதாகும் ஆபத்து இருந்ததால் 14 கார்கள் புறப்படும் முன்பே விலகிக்கொண்டன. ஆறே கார்கள் வரிசையில் நின்று கிளம்பின. அதில் ஒருவர், கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன்! அவர் நான்காவதாக வந்தார். பார்முலா 1 பந்தயத்தில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

2021-ம் ஆண்டில் ஹங்கேரியில் அதைவிட வேடிக்கை. மழை விட்டுவிட்டது என்று எல்லோரும் டயர் மாற்றப் போய்விட்டார்கள். ஹாமில்டன் மட்டும் தன்னந்தனியாக நின்றார். ஐந்து விளக்கும் எரிந்து அணைந்தன. ஒரே ஒரு கார் கிளம்பியது!

திரையில் இருந்து திடலுக்கு

"வீட்டில் பொத்தானை அழுத்துவதும் நிஜக் காரை ஓட்டுவதும் ஒன்றாகுமா?" என்று கேட்கலாம்.

2008-ம் ஆண்டில் "நிசான்" கார் கம்பெனியும் "கிரான் டூரிஸ்மோ" விளையாட்டை நடத்துகிறவர்களும் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். வீடியோ பந்தயத்தில் ஜெயித்து வருகிறவர்களுக்கு நிஜக் காரில் பயிற்சி கொடுத்தார்கள். முதல் ஆண்டில் வென்றவர், ஸ்பெயின் நாட்டு லூக்காஸ் ஆர்டோனெஸ். 2011-ம் ஆண்டில் அவர் லெ மான்ஸ் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாவதாக வந்தார். 2011-ம் ஆண்டுப் போட்டியில் வென்ற இங்கிலாந்து இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013-ம் ஆண்டில் அதே லெ மான்ஸில் தம் பிரிவில் மூன்றாவதாக வந்தார். அவருடைய கதை 2023-ம் ஆண்டில் சினிமாவாகவும் வெளிவந்தது.

எல்லோரும் அப்படி ஆகிவிட முடியாது. ஆனால் விளக்கு அணையும்வரை காத்திருக்கும் பொறுமையை எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். பலம் இருந்தும் அடக்கி அழுத்தும் பக்குவத்தையும் கற்றுக்கொள்ளலாம். அந்த இரண்டும் பந்தயத் திடலுக்கு வெளியேயும் உதவும்.

பதறாத காரியம் சிதறாது!